சேற்றுக் கணக்கு

வெள்ளிக்கிழமை. வற்றம் ஒன்பது மணிக்கு.
இடுப்பளவு நீரில் நிற்கிறேன்.
கையில் சென்டிமீட்டர் கீறிய மூங்கில்,
பல்லிடுக்கில் பென்சில்,
நோட்டு நனையாமல் முக்காட்டுக்குள்.
நான் நிற்கும் இடம்
கஸ்மிஜானின் சமையலறை.

அவருக்கு அதில் வருத்தமில்லை.
"அடுப்பு இன்னும் இரண்டடி இடப்பக்கம், முர்யாத்தி"
என்று படகிலிருந்து திருத்துகிறார்.

ஜாவாவின் வடகரையில் எங்கள் ஊர்
வரைபடத்தில் இன்னும் நிலம்தான்.
போன வருடம்கூட வரி ரசீது வந்தது,
மீன் மேய்கிற எட்டு வயல்களுக்கு.

கடல் கொண்டது என்று
ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.
கேட்க வந்த அதிகாரிகளிடம் அப்படித்தான் சொன்னோம்.
ஆனால்
இறால் விலை ஏறிய வருடம்
என் கணவர் முனாவிர்
கோடரிக்குப் புதுக் காம்பு போட்டார்.
அவர் மட்டுமில்லை, ஊரே போட்டது.
அலையாத்தி என்று பெயரிலேயே
வேலையைச் சுமந்து நின்ற மரங்கள்.
அலையை ஆற்றிக்கொண்டிருந்தவை
அடுப்புக்குப் போயின.
ஒன்பது பருவம் நன்றாக இருந்தது.
மோட்டார் சைக்கிள், கூரைக்கு ஓடு, மகள் கல்யாணம்.
பத்தாவதில் குளக்கரை உடைந்தது.
பிறகு பள்ளிக்கூடம், பிறகு கபரஸ்தான்,
பிறகு உடைய ஒன்றும் பாக்கியில்லை.

முதலில் கான்கிரீட் சுவர் கட்டினார்கள்.
அலை அதை முட்டி, முட்டி,
காலடியைத் தோண்டியது.
இரண்டாம் மழைக்காலத்தில் சுவர்
களைத்த எருமைபோல் முன்னங்கால் மடித்துப் படுத்தது.
இன்னும் படுத்திருக்கிறது. நாரைகள் உட்காரும்.

அப்புறம்தான் இந்த வேலி:
இரண்டு வரிசைக் கழி, நடுவே சுள்ளிக்கட்டு, மேலே வலை.
யாரையும் தடுக்காத வேலி.
அலை தாராளமாக உள்ளே வரலாம்,
கோபத்தை இறக்கிவைக்கலாம்,
மெதுவாகத் திரும்பலாம்.
சம்பந்தி வீட்டுக்கு வருகிறவர்போல்
வெறுங்கையோடு வரக்கூடாது, அவ்வளவுதான்.
ஒரு பிடி சேறாவது வைத்துவிட்டுப் போக வேண்டும்.

முதல் வருடம் பதினோரு சென்டிமீட்டர்.
செமாராங்கில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன்.
"என்னம்மா பதினொன்று?" என்றாள்.
"தரை" என்றேன்.
அந்தப் பக்கம் தையல் இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாம் வருடம் கப்பல் புழு.
வெளியே மரம், உள்ளே தேன்கூடு.
மேற்குக் காற்றின் ஒரே இரவில்
நாற்பது கழி போயிற்று.
கழி போனால் கழித்தல்தானே:
ஏழு என்று எழுதி, முன்னால் ஒரு கோடு போட்டேன்.

மறுபடி நட்டோம், இந்தமுறை கூலி இல்லாமல்.
கழி வாங்கிய பணம் மகள் அனுப்பியது.
அவள் ஆலை
சாயம் அலச ஆழ்குழாயில் உறிஞ்சுகிறது,
இரவும் பகலும்.
அடிநீர் வற்ற வற்ற நிலம் அமிழ்கிறதாம்,
எங்கள் ஊர் வரைக்கும்.
நான் மேலே ஒரு விரல் சேர்த்தால்
யாரோ கீழேயிருந்து இரண்டு விரல் உருவுகிறார்கள்.
அந்தக் கூலியில் வந்த கழி இது.
வரவிலா செலவிலா,
எந்தப் பத்தியில் எழுதுவது?

இன்று மூங்கில் சீக்கிரமே நின்றது.
நாலு சென்டிமீட்டர் கூடுதல்.
மறுபடி குத்திப் பார்த்தேன். நாலுதான்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
வேலியோரச் சேற்று மேட்டில்
இரண்டே இலையோடு ஒரு கன்று.
நாங்கள் நட்ட இருநூறில் ஒன்றில்லை,
அந்த வரிசை அங்கே வரவேயில்லை.
விதை தானாக மிதந்து வந்திருக்கிறது,
நாங்கள் பயந்த அதே அலையில்.

"என் அடுப்பு அங்கேதான்" என்றார் கஸ்மிஜான்.
கொஞ்சம் கழித்து,
"வாடகை கேட்பேன்" என்றார்.

முனாவிர் ஒன்றும் சொல்லவில்லை.
ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது.
துடுப்பை எடுத்தவர்
வந்த நேர்வழியை விட்டு,
வெயிலில், எதிர்நீரில்,
அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு
வெகுதூரம் வலித்தார்.